98 நாளில் 72 நாள் ஆஸ்பத்திரியிலேயே போயிற்று! குறைமாதப் பிள்ளை பெற்ற தாய்க்கு நம் சட்டத்தில் இடம் எங்கே?



இதைப் படிக்கும் உங்களில் பலர் பாயான் லெப்பாசிலோ பிறையிலோ கிலாங் வேலை பார்ப்பவர்கள். இல்லாவிட்டால் உங்கள் மகளோ மருமகளோ அங்கே ஷிஃப்ட் போகிறாள். அதனால் இந்தக் கட்டுரை உங்கள் வீட்டுக் கதைதான். என் வீட்டுக் கதையைச் சொல்லித் தொடங்குகிறேன். அனுதாபம் வேண்டி எழுதவில்லை. ஒரு கணக்கு இருக்கிறது. அதை நீங்களும் போட்டுப் பார்க்க வேண்டும். போட்டுப் பார்த்தால் உங்களுக்கும் கோபம் வரும்.

எனக்கு இரட்டைப் பிள்ளைகள். வயிற்றில் 40 வாரம் இருக்க வேண்டியவர்கள் 29 வாரத்தில் பிறந்துவிட்டார்கள். மூத்தவன் 1 கிலோ 120 கிராம். சின்னவள் 940 கிராம். ஒரு கிலோ சீனிப் பாக்கெட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். என் மகள் அதைவிட லேசாக இருந்தாள். தோல் கண்ணாடி மாதிரி. மூச்சு விடக்கூட மிஷின் உதவி வேண்டும். பெற்றவுடன் பிள்ளையை மார்பில் போடுவார்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அது கிடைக்கவில்லை. இரண்டு பேரையும் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மறுநாள் சக்கர நாற்காலியில் போய்த்தான் கண்ணால் பார்த்தேன்.

ஆஸ்பத்திரியின் பெயர் இங்கே தேவையில்லை. அங்கே எனக்குக் குறை ஒன்றும் இல்லை. இரவு பகல் பாராமல் பார்த்துக்கொண்ட மிஸ்ஸிகளையும் டாக்டர்களையும் நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அரசாங்க ஆஸ்பத்திரியில் மூன்றாம் வகுப்பு வார்டுக்குக் குடிமக்களிடம் வாங்குவது நாளுக்குச் சில வெள்ளிதான். தனியாரிடம் போயிருந்தால் ஆயிரக்கணக்கில் கட்டி, வீட்டையே விற்றிருக்க வேண்டும். நம் வரிப்பணம் நடத்தும் ஆஸ்பத்திரி என் பிள்ளைகளைப் பிழைக்க வைத்தது. பிழைத்த பிள்ளைகளை வளர்க்க விடாமல் செய்தது எது? அதைப் பற்றித்தான் பேச வந்தேன்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள்

2023 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் தனியார் துறைப் பெண் தொழிலாளிக்குப் பேறுகால விடுமுறை 98 நாள். அதற்கு முன் 60 நாள்தான். அரசாங்க ஊழியர்கள் 90 நாள் அனுபவித்துக்கொண்டிருந்த காலத்திலும் கிலாங்கில் நின்று வேலை செய்த நமக்கு 60 நாள்தான். எத்தனையோ பேர் பல வருடம் கேட்டுப் போராடிய பிறகு 98 வந்தது. வந்ததை வரவேற்கிறோம். அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் 2000-ஆம் ஆண்டிலேயே 14 வாரம் என்று குறைந்த அளவை வகுத்துவிட்டது. 14 வாரம் என்றால் 98 நாள். உலகம் குறைந்தபட்சம் என்று சொன்னதை எட்ட நமக்கு 22 வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

இந்த 98 நாள் எப்போது தொடங்குகிறது? சட்டம் தெளிவாகச் சொல்கிறது. பிரசவத்துக்கு 30 நாளுக்கு முன்னால் தொடங்கக் கூடாது. பிரசவத்துக்கு மறுநாளைத் தாண்டியும் தொடங்கக் கூடாது. அதாவது பிள்ளை பிறந்த மறுநாளிலிருந்து கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும். பிள்ளை உங்கள் மடியில் இருக்கிறதா, இன்குபேட்டரில் இருக்கிறதா என்று அந்தக் கடிகாரம் கேட்காது.

என் மகன் 54-ஆம் நாள் வீட்டுக்கு வந்தான். மகள் வந்தது 72-ஆம் நாள். 98-இல் 72 போனால் மிச்சம் 26. இரண்டு பிள்ளைகளையும் ஒரே வீட்டில், ஒரே கூரையின் கீழ் வைத்துப் பார்க்க எனக்குக் கிடைத்தது 26 நாள்!

இன்னொரு கணக்கும் உண்டு. மாதம் நிறைந்து பிறந்த பிள்ளையின் தாய் 98 நாள் கழித்து வேலைக்குப் போகும்போது அந்தப் பிள்ளைக்கு 14 வாரம். தலை நிற்க ஆரம்பித்திருக்கும், முகம் பார்த்துச் சிரிக்கும். என் பிள்ளைகளுக்கு 98 நாள் முடிந்தபோது என்ன வயது? 29 வாரத்தோடு 14 வாரத்தைக் கூட்டுங்கள். 43 வாரம். பிறக்க வேண்டிய தேதியிலிருந்து பார்த்தால் வெறும் மூன்று வாரப் பிள்ளைகள். டாக்டர்கள் குறைமாதப் பிள்ளையின் வளர்ச்சியை இப்படித்தான் கணக்கிடுகிறார்கள். பிறந்த நாளை வைத்துப் பார்ப்பதில்லை, பிறக்க வேண்டிய நாளை வைத்துப் பார்க்கிறார்கள். டாக்டருக்குத் தெரிந்த கணக்கு சட்டம் எழுதியவர்களுக்கு ஏன் தெரியவில்லை?

40 வாரத்தில் 29 போனால் 11 வாரம். 77 நாள். என் பிள்ளைகள் வயிற்றில் இருந்திருக்க வேண்டிய 77 நாள் என் விடுமுறையிலிருந்து கழிக்கப்பட்டது. நான் கேட்பது அந்த 77 நாளைத்தான். சலுகை கேட்கவில்லை.

இரட்டைப் பிள்ளைக்கும் அதே 98 தான்

ஆபீசில் கணக்குப் பார்க்கும் தமிழ்ப் பிள்ளையிடம் கேட்டேன். அவளுக்கும் மனம் கேட்கவில்லை. “அக்கா, சட்டத்தில் ஒரு பிரசவத்துக்கு 98 நாள் என்றுதான் இருக்கு. ஒன்று பெற்றாலும் இரண்டு பெற்றாலும் அதே 98 தான்” என்றாள். அவள் சொன்னது சரி. சட்டம் எண்ணுவது பிரசவத்தை, பிள்ளைகளை எண்ணுவதில்லை.

இரட்டைப் பிள்ளைகளில் பாதிக்கும் மேல் 37 வாரத்துக்கு முன்பே பிறக்கின்றன. உலகத்தில் 2020-ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 1 கோடியே 34 லட்சம் பிள்ளைகள் குறைமாதத்தில் பிறந்தன என்று உலகச் சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. பத்தில் ஒன்று! உங்கள் அடுக்குமாடியில் ஒரு மாடியில் பத்து வீடு இருந்தால், அதில் ஒரு வீட்டுக்காவது இது நடக்கக்கூடியது. இவ்வளவு பேருக்கு நடக்கும் ஒன்றை ‘அபூர்வம்’ என்று சொல்லிச் சட்டத்துக்கு வெளியே தள்ளுவது என்ன நியாயம்?

என் கணவர் லோரி ஓட்டுகிறார். அப்பாவுக்கும் 7 நாள் சம்பளத்தோடு விடுமுறை என்று அதே 2023 சட்டம் சொல்கிறது. ஆனால் ஒரே முதலாளியிடம் 12 மாதம் வேலை செய்திருக்க வேண்டும். அவர் புது இடத்தில் சேர்ந்து 10 மாதம்தான் ஆகியிருந்தது. ஒரு நாள் கூடக் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் அது தொடர்ந்தாற்போல் எடுக்க வேண்டிய 7 நாள். முதல் வாரத்தில் பிள்ளைகள் கண்ணாடிப் பெட்டிக்குள். வீட்டுக்கு வந்த பிறகு ஆள் உதவி வேண்டிய நேரத்தில் விடுமுறை தீர்ந்திருக்கும். கான்ட்ராக்ட் வேலையிலேயே காலம் ஓட்டுகிற நம் பையன்களில் எத்தனை பேர் ஒரே இடத்தில் 12 மாதம் நிலைக்கிறார்கள்? அவர்களுக்கு இந்தச் சட்டம் ஏட்டுச் சுரைக்காய்.

சட்டத்தில் இன்னும் ஒரு பொறி இருக்கிறது. பேறுகாலச் சம்பளம் கிடைக்க, பிரசவத்துக்கு முந்திய ஒன்பது மாதத்தில் குறைந்தது 90 நாள் அந்த முதலாளியிடம் வேலையில் இருந்திருக்க வேண்டும். ஒரு பெண் 17 வாரக் கர்ப்பத்தில் வேலைக்குச் சேருகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் நிறைந்து பெற்றால் 90 நாளைத் தாண்டிவிடுவாள், சம்பளம் உண்டு. 29 வாரத்தில் பெற்றுவிட்டால்? 12 வாரம்தான் ஆகியிருக்கும். 84 நாள். ஆறு நாள் குறைகிறது, சம்பளம் இல்லை! பிள்ளை முந்திப் பிறந்ததற்குத் தாய்க்குத் தண்டனை.

“ஆஸ்பத்திரியில்தானே இருக்கிறது, நீ ஏன் வீட்டில் இருக்கிறாய்?”

பலர் என்னிடம் கேட்ட கேள்வி இது. சொந்தக்காரர்களே கேட்டார்கள். பிள்ளையை மிஸ்ஸி பார்த்துக்கொள்கிறார், நீ போய்ச் சம்பாதிக்கலாமே என்றார்கள்.

தாய்மார்களே, குறைமாதப் பிள்ளைக்குத் தாய்ப்பால் வெறும் உணவு மட்டும் அல்ல, அது மருந்து. இந்தப் பிள்ளைகளின் குடல் இன்னும் பழுக்காதது. குடல் அழுகிப்போகும் கொடிய நோய் ஒன்று குறைமாதப் பிள்ளைகளுக்கு வரும். தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைகளுக்கு அந்த ஆபத்து குறைவு. வாயால் உறிஞ்சத் தெரியாத பிள்ளைக்குத் தாய் மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை பாலைப் பீய்ச்சி எடுத்துக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். நடுச்சாமத்திலும் எழுந்து எடுத்தால்தான் பால் வற்றாது. ஐஸ் பையில் போட்டு ரேப்பிட் பஸ்ஸில் ஏறி நான் தினமும் போனேன். இதைச் செய்கிறவளைப் பார்த்து ‘சும்மா இருக்கிறாள்’ என்று சொல்ல வாய் எப்படி வருகிறது?

அடுத்தது கங்காரு முறை. 1978-ஆம் ஆண்டில் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர் போதாத ஏழை ஆஸ்பத்திரி ஒன்றில் இது தொடங்கியது. பிள்ளையைத் தாயின் வெறும் மார்போடு சேர்த்துக் கட்டி வைப்பார்கள். தாயின் உடம்புச் சூடே பிள்ளைக்கு இன்குபேட்டர். ஏழைகளுக்கான மாற்றாக ஆரம்பித்ததை இன்று பணக்கார நாடுகளும் செய்கின்றன. 2022 நவம்பரில் உலகச் சுகாதார நிறுவனம், குறைமாதப் பிள்ளைகளுக்கு முடிந்தவரை பிறந்த உடனேயே இதைத் தொடங்க வேண்டும், நாளுக்கு 8 மணி முதல் 24 மணி நேரம் செய்ய வேண்டும் என்று பரிந்துரைத்தது. நாளுக்கு எட்டு மணி நேரம் என்றால் ஒரு ஷிஃப்ட்! கிலாங்கில் ஒரு ஷிஃப்ட், ஆஸ்பத்திரியில் ஒரு ஷிஃப்ட் என்று ஒரு பெண்ணால் எப்படிச் செய்ய முடியும்?

அதே 2022 பரிந்துரையில் இன்னொன்றும் இருக்கிறது. குறைமாதப் பிள்ளைகளின் தாய், தகப்பன், பராமரிப்பவர்களின் சிறப்புத் தேவைகளுக்கு ஏற்ப விடுமுறையும் உரிமைகளும் அமைய வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கிறது. நம் 98 நாள் சட்டம் நடைமுறைக்கு வந்தது அதற்கு ஆறு வாரம் கழித்து. அதில் குறைமாதப் பிள்ளைக்கென்று கூடுதலாக ஒரு நாள் கூட இல்லை.

26 நாள் கழித்து என்ன நடந்தது?

98-ஆம் நாள் நெருங்கியபோது என் மகளின் எடை மூன்று கிலோவைத் தொடவில்லை. பால் குடிக்கும்போது மூச்சு முட்டும். குறைமாதப் பிள்ளைகளுக்குக் கண்ணின் பின்புறத்தில் ரத்தக் குழாய் கோணலாக வளரும் நோய் வரலாம். சரியான நாளில் பரிசோதித்துச் சிகிச்சை செய்யாவிட்டால் பார்வை போய்விடும். வீட்டுக்கு வந்த பிறகும் கண் டாக்டர், காது பரிசோதனை, எடை பார்க்க, ரத்தம் பார்க்க என்று நாள் குறித்துக் கொடுத்திருந்தார்கள். இரண்டு பிள்ளைகள் என்றால் எல்லாம் இரண்டு தடவை.

எம்.சி. எடுக்கலாமே என்பீர்கள். மருத்துவ விடுப்பு தொழிலாளியின் சொந்த நோய்க்குத்தான். இரண்டு வருடத்துக்குக் குறைந்த சேவைக்கு 14 நாள், ஐந்து வருடம் வரை 18 நாள், அதற்கு மேல் 22 நாள். பிள்ளையின் நோய்க்கு அதில் இடமில்லை. வருடாந்திர விடுமுறையை மசக்கைக் காலத்திலேயே தீர்த்திருந்தேன். வேலை நேரத்தை மாற்றிக் கேட்டு எழுத்தில் விண்ணப்பிக்கலாம் என்று புதுச் சட்டம் சொல்கிறது. விண்ணப்பித்தேன். பதில் சொல்ல முதலாளிக்கு 60 நாள் அவகாசம் உண்டு. என் கையில் இருந்ததோ 26 நாள்!

சம்பளமில்லா விடுமுறை இரண்டு வாரம் கொடுத்தார்கள். அதற்கு மேல் முடியாது என்றார்கள். ஒன்பது வருடம் வேலை பார்த்த இடம். யாரும் என்னை விரட்டவில்லை. நானே கடிதம் எழுதிக் கொடுத்தேன். கணக்கில் அது ‘சொந்த விருப்பத்தில் விலகல்’ என்றுதான் பதிவாகியிருக்கும். சொந்த விருப்பமாம்! நம் பெண்களில் எத்தனை பேருடைய ‘சொந்த விருப்பம்’ இப்படிப்பட்டது என்று யாராவது எண்ணிப் பார்த்ததுண்டா?

இரண்டு சம்பளத்தில் ஓடிய வீடு ஒரு சம்பளத்துக்கு இறங்கியது. இன்று நாட்டின் குறைந்தபட்ச சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. ஒருவர் சம்பளத்தில் வாடகை, மோட்டார் தவணை, இரண்டு பிள்ளைக்கு பெம்பர்ஸ், பால்மாவு எல்லாம் ஓட்ட முடியுமா என்று நீங்களே சொல்லுங்கள். கழுத்தில் இருந்தது அடகுக் கடைக்குப் போனது. தாலிக்குப் பதில் மஞ்சள் கயிறு ஏறியது.

இது தமிழர் பிரச்சனையா?

சிலர் கேட்பார்கள்: சட்டம் எல்லா இனத்துக்கும் பொது. மலாய்க்காரப் பெண்ணும் சீனப் பெண்ணும் இதே கஷ்டம்தானே படுகிறார்கள்? இதில் இன உரிமை எங்கிருந்து வந்தது?

சரியான கேள்வி. சட்டம் பொதுதான். அந்தப் பெண்களும் நம் சகோதரிகள்தான், அவர்களுக்காகவும் சேர்த்தே கேட்கிறோம். ஆனால் ஒரே மழை எல்லா வீட்டிலும் பெய்தாலும் ஓட்டைக் கூரைக்காரன்தான் நனைகிறான்.

அரசாங்க வேலையில் இருக்கும் பெண்ணுக்குப் பிள்ளை வளர்க்கச் சம்பளமில்லாத நீண்ட விடுமுறை எடுத்துக்கொண்டு, பிறகு அதே வேலைக்குத் திரும்ப வழி உண்டு. அரசாங்க வேலையில் நம்மவர் எத்தனை பேர்? 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப்படி இந்த நாட்டுக் குடிமக்களில் நூற்றுக்கு ஏழு பேர் கூட நாம் இல்லை. ஓட்டுக் கேட்கும் நாளில் தவிர நம் வீட்டுப் படியை யார் ஏறுகிறார்கள்?

என் மாமியார் நிபோங் திபால் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். அந்தக் காலத்தில் பால்மரம் வெட்டப் போகும் தாய் பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போவாள். ஏணையில் பத்துப் பிள்ளை தூங்கும். வசதி என்று சொல்ல முடியாது, வறுமைதான். ஆனாலும் பக்கத்து லயத்தில் பெரியம்மா இருந்தார், அத்தை இருந்தார், மருத்துவச்சிப் பாட்டி இருந்தார். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது வேலையும் வீடும் மட்டும் போகவில்லை. அந்தக் கைகளும் போய்விட்டன. ஜார்ஜ்டவுனில் 2009-இல் புவா பாலா கிராமம் இடிக்கப்பட்டதை நாம் கண்ணால் பார்த்தோம். தலைமுறை தலைமுறையாக ஒன்றாக இருந்தவர்கள் சிதறினார்கள். இன்று அடுக்குமாடியில் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் நமக்குத் தெரியாது. ஆயாக் கொட்டகையும் இல்லாமல், அத்தை பெரியம்மாவும் இல்லாமல் தனியே நிற்கிற தமிழ்ப் பெண்ணின் தலையில்தான் இந்தச் சட்டத்தின் ஓட்டை முழுசாக ஒழுகுகிறது.

மொழியும் இருக்கிறது. டாக்டர் மலாயிலும் இங்கிலீஷிலும் விளக்குகிறார். பயத்தில் இருக்கும் தாய் ‘பஹாம், பஹாம்’ என்று தலையாட்டுகிறாள். எதற்குக் கையெழுத்துப் போட்டோம் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் மகனிடம் கேட்கிறாள். பிள்ளையின் உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தையாவது தாய்மொழியில் கேட்டுத் தெரிந்துகொள்ள நமக்கு உரிமை இல்லையா?

நம் வீட்டுக்குள்ளும் ஒரு வார்த்தை

அரசாங்கத்தை மட்டும் ஏசிவிட்டுப் போவது நியாயமாகாது. நம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

‘ஏழில் பிறந்தால் பிழைக்கும், எட்டில் பிறந்தால் தங்காது’ என்று இன்னும் சொல்லிக்கொண்டு இருக்கிறோம். இது தவறு. வயிற்றில் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் பிள்ளைக்குப் பலம்.

தீட்டு என்று சொல்லி முப்பது நாள் தாயை வெளியே விடாமல் வைக்கிறோம். வீட்டில் பிள்ளை இருந்தால் அது ஓய்வு. பிள்ளை இன்குபேட்டரில் இருக்கும்போது அது பிள்ளைக்குச் செய்யும் துரோகம். சீம்பாலைக் கீழே ஊற்றாதீர்கள். அந்த மஞ்சள் பாலின் ஒவ்வொரு சொட்டும் அந்தப் பிள்ளைக்குக் காப்பு.

‘அவள் மாடிப்படி ஏறினாள், பப்பாளி தின்றாள், ராசி இல்லாதவள்’ என்று மருமகளின் தலையில் பழியைப் போடாதீர்கள். கிருமித் தொற்று, உயர் ரத்த அழுத்தம், கருப்பைவாய் பலவீனம், இரட்டைக் கர்ப்பம் என்று காரணங்கள் பல. பல நேரம் காரணமே தெரிவதில்லை. என் மாமியார் ஒரு வார்த்தை கூட என்னைச் சொல்லவில்லை. “நீ பாலை எடும்மா, சட்டியை நான் பார்த்துக்கிறேன்” என்றார். அந்த ஒரு வார்த்தையில்தான் நான் நின்றேன்.

கர்ப்பமாக இருக்கும் பெண்களே, 37 வாரத்துக்கு முன் இடுப்புவலி விட்டுவிட்டு ஒழுங்காக வந்தாலோ, வயிறு இறுகி இறுகித் தளர்ந்தாலோ, தண்ணீர் கசிந்தாலோ, ரத்தம் பட்டாலோ ஷிஃப்ட் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். பிங்க் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பிள்ளையின் நுரையீரலைப் பழுக்க வைக்க ஊசி இருக்கிறது. பிரசவத்துக்கு ஒரு நாளாவது முன்னால் போட்டால்தான் அது நன்றாக வேலை செய்யும். நீங்கள் தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அந்த ஊசிக்குக் கிடைக்காத நேரம்.

மற்ற நாடுகளில் எப்படி?

ஜெர்மனியில் பிரசவத்துக்குப் பின் சட்டப்படி 8 வாரப் பாதுகாப்பு விடுமுறை. குறைமாதப் பிள்ளைக்கும் இரட்டைப் பிள்ளைக்கும் அது 12 வாரம். பிள்ளை முந்திப் பிறந்ததால் பிரசவத்துக்கு முன் எடுக்க முடியாமல்போன நாட்களையும் பின்னால் சேர்த்துக் கொடுக்கிறார்கள். நான் மேலே போட்ட அதே கணக்கு!

பிரிட்டனில் குறைமாதப் பிள்ளை பெற்ற பெற்றோர்கள் பல வருடம் கையெழுத்து வாங்கி, நாடாளுமன்றத்தை நச்சரித்தார்கள். 2023-இல் சட்டம் நிறைவேறியது. 2025 ஏப்ரல் 6 முதல் நடைமுறையில் இருக்கிறது. பிறந்த 28 நாளுக்குள் சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்டு, தொடர்ந்து 7 நாளோ அதற்கு மேலோ அங்கே இருக்கும் பிள்ளையின் தாய்க்கும் தகப்பனுக்கும் மற்ற விடுமுறைக்கு மேல் 12 வாரம் வரை கூடுதல் விடுமுறை உண்டு. நம்மை ஆண்ட வெள்ளைக்காரனிடமிருந்து வந்ததுதான் நம் தொழிலாளர் சட்டத்தின் வேர். அவன் தன் சட்டத்தைத் திருத்திக்கொண்டான். நாம் எதற்குக் காத்திருக்கிறோம்?

பக்கத்துச் சிங்கப்பூரில் 2025 ஏப்ரல் முதல் தகப்பனுக்கு 4 வாரம். இந்தியாவில் 2017 முதல் முதல் இரண்டு பிள்ளைகளுக்குத் தாய்க்கு 26 வாரம்.

‘இப்படியெல்லாம் கேட்டால் முதலாளிகள் பெண்களையே வேலைக்கு எடுக்க மாட்டார்கள்’ என்று ஒரு பயமுறுத்தல் வரும். 98 நாள் கேட்டபோதும் இதையே சொன்னார்கள். ஆனால் இதில் ஒரு உண்மை இருப்பதையும் ஒப்புக்கொள்வோம். நம் நாட்டில் பேறுகாலச் சம்பளத்தை அந்தந்த முதலாளியே தன் கையிலிருந்து கொடுக்கிறார். நாலு பேர் வேலை செய்யும் சின்னக் கடைக்காரருக்கு அது பாரம்தான். அதற்கு வழி உரிமையை மறுப்பதா? வேலையிடத்து விபத்துக்கு சொக்சோ இருக்கிறது. எல்லோரிடமும் சிறுகச் சிறுகப் பிடித்து, அடிபட்டவனுக்குக் கொடுக்கிறது. அதே மாதிரிப் பொது நிதியிலிருந்து குறைமாதப் பிள்ளை பெற்ற தாயின் கூடுதல் நாட்களுக்குச் சம்பளம் கொடுக்கலாம். எந்த முதலாளிக்கும் தனியாகப் பாரம் விழாது.

நாம் கேட்பது என்ன?

1. பிள்ளை பிறந்த நாளுக்கும் பிறக்க வேண்டிய நாளுக்கும் இடைப்பட்ட நாட்களை 98 நாளோடு சம்பளத்துடன் சேர்த்துத் தர வேண்டும்.

2. இரட்டைப் பிள்ளை, மூன்று பிள்ளை பெற்றவளுக்குக் குறைந்தது 4 வாரம் கூடுதல் வேண்டும்.

3. தகப்பனின் 7 நாள் விடுமுறைக்கு 12 மாத நிபந்தனை ஒழிய வேண்டும். பிள்ளை ஆஸ்பத்திரியில் இருக்கும்வரை அவர் அதைப் பிரித்து எடுத்துக்கொள்ள வழி வேண்டும்.

4. குறைமாதப் பிரசவத்துக்கு 90 நாள் நிபந்தனை பொருந்தக் கூடாது.

5. கூடுதல் நாட்களின் செலவைப் பொது நிதி ஏற்க வேண்டும்.

6. பச்சிளங்குழந்தை சிகிச்சைப் பிரிவுகளில் தமிழில் விளக்கத் தாளும், விளக்கிச் சொல்ல ஆளும் வேண்டும்.

இன்றே நீங்கள் செய்யக்கூடியது

பிரசவத் தேதி எழுதிய தாள், ஆஸ்பத்திரியில் சேர்த்த நாள், விட்ட நாள் குறித்த கடிதங்கள் எல்லாவற்றையும் பிரதி எடுத்து வையுங்கள். எதைக் கேட்டாலும் வாயால் கேட்காமல் எழுத்தில் கேளுங்கள். கர்ப்பத்தைக் காரணம் காட்டி வேலையை விட்டு நிறுத்துவது 2023 முதல் குற்றம். அப்படி நடந்தால் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யுங்கள். 22 வாரத்துக்குப் பிறகு பிரசவமானால், பிள்ளை உயிரோடு பிறந்தாலும் இறந்து பிறந்தாலும் 98 நாள் விடுமுறை உங்களுக்கு உண்டு. பிள்ளையைப் பறிகொடுத்த எத்தனையோ தாய்மார் இது தெரியாமல் பத்து நாளில் வேலைக்குத் திரும்பியிருக்கிறார்கள். பிள்ளை இன்குபேட்டரில் இருந்தாலும் பிறப்புப் பத்திரத்தைக் காலக்கெடு தவறாமல் எடுத்துவிடுங்கள். கோயில் கல்யாணத்தோடு நிற்காமல் திருமணத்தைப் பதிவு செய்யுங்கள். பத்திரம் இல்லாமல் நம் பிள்ளைகள் பட்ட பாடு போதும்.

தொழிற்சங்கம் இருக்கும் கிலாங்கில் சங்கத்தில் சேருங்கள். இந்த ஆறு கோரிக்கைகளையும் சங்கக் கூட்டத்தில் பேசுங்கள். உங்கள் நாடாளுமன்ற உறுப்பினர் எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் அவருடைய சேவை மையத்துக்குப் போய் எழுத்தில் கொடுங்கள். தைப்பூசத்தில் தண்ணீர்மலை அடிவாரத்தில் பந்தல் பந்தலாகக் கைகூப்பி நிற்கிறார்களே, அப்போதும் கேளுங்கள். நவம்பர் 17 உலகக் குறைமாதக் குழந்தைகள் தினம். அன்று பலூன் விட்டுப் படம் எடுத்துக்கொள்வதோடு நிறுத்தாமல் சட்டத்தைத் திருத்துங்கள் என்று சொல்லுங்கள்.

என் பிள்ளைகள் இப்போது நன்றாக இருக்கிறார்கள். மகன் ஓடுகிறான். மகள் கண்ணாடி போட்டிருக்கிறாள், ஆனால் அவன் பின்னாலேயே துரத்திக்கொண்டு ஓடுகிறாள். நான் இழந்த வேலை எனக்குத் திரும்பக் கிடைக்கப் போவதில்லை. சட்டம் மாறினாலும் என் 77 நாள் எனக்கு வராது.

ஆனால் இந்த நிமிடம் தீவில் ஏதோ ஒரு ஆஸ்பத்திரியில் ஒரு தமிழ்ப் பெண் கண்ணாடிப் பெட்டிக்குள் கையை விட்டு, விரல் அளவு காலைத் தொட்டுக்கொண்டு, மனதுக்குள் நாள் எண்ணிக்கொண்டிருப்பாள். அவளுக்காவது அந்த நாட்களை வாங்கிக் கொடுப்போம். அவள் நம் வீட்டுப் பெண். கேட்டால்தான் கிடைக்கும். சேர்ந்து கேட்போம்!

ஒரு இரட்டைப் பிள்ளைத் தாய்,
பினாங்கு